முற்றத்துச் சீமெந்துக்கு எந்த நிறம்?

திருகோணமலையில் வீடு கட்டி முடித்தவர்கள், படலையிலிருந்து வாயிற்படி வரை வாகனம் ஏறிவரக் கொங்கிறீற்றுப் பாதை போடுவது பெருவழக்காகிவிட்டது. 1980களிலேயே சீனன்குடாவில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்துவிட்ட ஊரில் இது வியப்பன்று. சாம்பல் நிறம் சலிப்புத் தருவதால் சிலர் அதில் வண்ணம் கலக்க விரும்புகின்றனர். விருப்பம் தவறன்று. ஆனால் சுவருக்குப் பூசிய வண்ணம் பிடிக்காவிடில் அடுத்த ஆண்டே மாற்றிவிடலாம். கொங்கிறீற்றில் கலந்த நிறத்தை நீக்குவதாயின் பாதையையே உடைக்க வேண்டும். சேமிப்பை எல்லாம் வீட்டிற் கொட்டிய குடும்பத்துக்கு அது இயலுமா?

கோயில் மதில்களில் வெள்ளைப் பட்டைகளுக்கிடையே நாம் காணும் செங்காவிக்கு நிறம் தருவது இரும்புத் துருவே. கடையில் விற்கும் சிவப்புப் பொடியும் அவ்வினத்ததே. சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்றும் இரும்பிலிருந்து கிடைப்பவை. சீமெந்தின் காரமோ கடும் வெயிலோ அவற்றை வெல்வதில்லை. பச்சைக்குக் குரோமியம் உண்டு. ஏமாற்றுவது நீலந்தான். கடலருகே வாழ்வோருக்கு அதன்மேல் ஓர் ஆசை! மலிவான நீலங்கள் பல காரத்தில் வெளிறிப்போகும். நிலைத்து நிற்கும் கோபால்ட் நீலமோ விலையில் எட்டாதது.

பொடியைக் கைப்பிடியால் அள்ளிப் போடுதல் ஆகாது, நிறுத்துப் போடவேண்டும். 50 கிலோ மூட்டைக்கு இரண்டரைக் கிலோ பெரும்பாலும் போதும். 5 கிலோவைத் தாண்டினால் வலிமை குன்றும். மேசன் ஒரு கலவைக்கு மட்டும் ஒரு வாளி நீரைக் கூட்டிவிட்டால், அந்த இடம் வெளிறித் திட்டாகத் தெரியும்.

மாரி மழைக்குப் பின் தரையில் வெண்மை படர்வதுண்டு. அயலார் உப்புக் காற்றைக் குறை கூறுவர். பெரும்பாலும் அது சீமெந்திலுள்ள சுண்ணாம்பே மேலெழுந்து காற்றுப்பட்டு வெளுத்தது. கறுப்பு நிறத்தில் அது மிகத் துலக்கமாகத் தெரியும். அன்றியும், கறுப்புத் தரை நண்பகலில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளின் பாதங்களைச் சுட்டுவிடும். மிக வெளிறிய நிறத்திலோ எண்ணெய்க் கறையும் சில்லுத் தடமும் மறையா. ஆகவே மங்கிய சிவப்பு அல்லது மண்ணின் பழுப்பே இவ்வூருக்கு இசைவது. வீட்டினுள்ளே சிவப்புத் தரையை மினுக்குவது அழகு; வெளியே மினுக்கினால் மழையில் வழுக்கும். ஈரம் உலருமுன் தும்புத்தடியால் இழுத்துச் சொரசொரப்பாக்குவதே நன்று.

நிறத்தை முடிவு செய்யுமுன், வேலைக்கு எடுத்த அதே மணலிலும் அதே சீமெந்திலும் இரண்டு மூன்று சிறு பலகைகள் வார்த்து, நான்கு வாரம் காயவிட்டு, நண்பகல் வெயிலில் பார்த்தல் வேண்டும். ஈரத்தில் கடுமையாய்த் தோன்றுவது காய்ந்தபின் வெளுக்கும். நாளைக்கே கொங்கிறீற்றுப் போடவேண்டும் என்று மேசன் அவசரப்படுத்தினால், அந்த நான்கு வாரமும் அவர் மதில் வேலையைப் பார்க்கட்டும்.