பத்தாம் வகுப்புச் சான்றிதழும் உழைப்பாளர் உரிமையும்
(கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



வயது வந்தோர் பத்தாம் வகுப்புத் தேறுவது அவரவர் சொந்த விவகாரம் என்று நம்மில் பலர் கருதுகிறோம். ஆனால் அந்த ஒரு தாள் இல்லாததால் உழைக்கும் மக்கள் எதையெல்லாம் இழக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கன்வாடி உதவியாளர் ஊழியராக உயரப் பள்ளிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளியின் கடவுச்சீட்டு பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பிரிவில் வைக்கப்படுகிறது. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர் தனி அனுமதி பெற வேண்டும். பாதுகாப்புக்கென்று வகுக்கப்பட்ட இந்த ஏற்பாட்டின் இடுக்கில் தரகர்கள் புகுந்து பணம் பறிக்கிறார்கள்.

ஹரியானாவில் இதே சான்றிதழ் ஜனநாயக உரிமைக்கே பூட்டாயிற்று. 2015-இல் அம்மாநில அரசு பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டியிடப் பொதுவாகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை நிபந்தனையாக்கியது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வரம்பு குறைவு என்றபோதிலும், அதிகம் வெளியேற்றப்பட்டவர்கள் அவர்களே. ராஜ்பாலா வழக்கில் அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடக் கல்வித் தகுதி தேவையில்லை; கிராமப் பஞ்சாயத்துக்குத் தேவை! ராஜஸ்தானில் கொண்டுவரப்பட்ட இதே போன்ற சட்டம் 2019-இல் நீக்கப்பட்டது. இத்தகைய சட்டங்களை எதிர்த்தே தீர வேண்டும்.

படிக்காதது அந்த மக்களின் குற்றமா? அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 10 ஆண்டுகளுக்குள், 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்றது 45-ஆவது பிரிவு. 1960-இல் முடிந்திருக்க வேண்டிய பணி அது. கல்வி உரிமைச் சட்டம் வந்ததோ 2009-இல். அதுவும் 6 முதல் 14 வயது வரை மட்டுமே. இடைப்பட்ட தலைமுறைகளுக்குப் பட்ட கடனை அரசு இன்னும் தீர்க்கவில்லை. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா, தாய் இறந்தபின் தம்பி தங்கைகளைக் காப்பதற்காக ஒன்பது வயதில் படிப்பை விட்டவர். 105-ஆவது வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதித் தேறினார். பத்திரிகைகள் அவரை வியந்து போற்றின. அந்தக் குழந்தைக்குப் பள்ளி ஏன் மறுக்கப்பட்டது என்ற கேள்வி அந்த வியப்பில் கரைந்து போயிற்று.

வழிகள் இல்லாமலில்லை. 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் பத்தாம் வகுப்புப் படிப்பில் 14 வயது நிரம்பிய எவரும் சேரலாம். உச்ச வயது வரம்பு இல்லை. ஐந்து பாடங்களில் தேறினால் போதும். தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டாம். ஐந்தாண்டுக் காலத்துக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. கேரள எழுத்தறிவு இயக்கமோ நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான படிப்புகளை நடத்துகிறது. விடுமுறை நாள்களில் வகுப்புகள் நடப்பதால் கூலி வேலைக்குச் செல்வோரும் வர முடிகிறது. 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்ட பின்னரும், எழுத்தறிவோடு நின்றுவிடாமல் அடுத்த படிகளை அமைத்ததே கேரளத்தின் பாடம்.

ஒன்றிய அரசு என்ன செய்கிறது? சாக்ஷர் பாரத் திட்டத்தில் ஊராட்சிதோறும் இருந்த கல்வி ஊக்குநர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியமாவது உண்டு. 2018-இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. 2022-27 காலத்துக்கான புதிய எழுத்தறிவுத் திட்டம் ஊதியமில்லாத் தொண்டர்களை நம்பியிருக்கிறது. அதன் மொத்த ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். எழுத்தறிவு பெற வேண்டியவர்களாகக் குறிக்கப்பட்டோர் 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள்: ஒருவருக்கு ஏறத்தாழ 208 ரூபாய். எழுத்தறிவுக்கே இந்த நிலை என்றால், பத்தாம் வகுப்பு வரை கைப்பிடித்து அழைத்துச் செல்லப் பணம் எங்கே இருக்கும்? சான்றிதழைக் கேட்கும் அரசு, அதைப் பெறும் பாதைக்குச் செலவிட மறுக்கிறது.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: நாமே வகுப்பு நடத்தினால் அரசின் கடமையை நாம் சுமப்பதாகாதா? தகுதி நிபந்தனைகளை எதிர்த்துக்கொண்டே சான்றிதழ் பெறச் சொல்வது முரண் அல்லவா? குறைந்தபட்சக் கூலிக்குப் போராடும் சங்கம், கூலியடிமை முறையை ஏற்றுக்கொண்டதாகப் பொருளில்லை. நிபந்தனைக்கு எதிரான போராட்டம் வெல்லும் வரை பதவி உயர்வை இழந்து காத்திருக்குமாறு ஓர் அங்கன்வாடித் தோழரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதேபோல, சிலரைத் தேற வைத்துவிட்டு நிபந்தனையை ஏற்றுக்கொள்ளவும் முடியாது.

ஆகவே ஒவ்வொரு கிளையும், பத்தாம் வகுப்பு முடிக்காத உறுப்பினர்கள், சங்கத் தோழர்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பிறந்த தேதிச் சான்றும் பெயர்ப் பிழைத் திருத்தமும் பலருக்கு முதல் தடை; அங்கே உதவி தேவை. தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து பணம் வாங்குவோரிடமும், அங்கீகாரமில்லாத போலி வாரியங்களிடமும் அவர்கள் சிக்காமல் காக்க வேண்டும். ஆசிரியர் சங்கத் தோழர்கள் வாரம் ஒரு மாலையை ஒதுக்க வேண்டும். பெண் தோழர் படிக்க வரும் மாலையில் வீட்டு வேலையை யார் செய்வது என்பதையும் கிளைக் கூட்டத்தில் பேசியாக வேண்டும்.

தேர்வு நாள்களுக்கு ஊதியத்துடன் விடுப்பு, கட்டணமில்லாச் சேர்க்கை, அரசுப் பள்ளிகளில் மாலை வகுப்பு, கற்பிப்போருக்கு முறையான ஊதியம் ஆகிய கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். எட்டு மணி நேர வேலைநாளுக்கான போராட்டம், உழைப்பாளி படிப்பதற்கான நேரத்தை மீட்கும் போராட்டமும் ஆகும். இரண்டையும் சேர்த்தே நடத்துவோம்.