உறவில் மணந்தோரும் மரபியல் ஆலோசனையும்

(பெங்களூர், நீலசந்திராவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நீலசந்திராவின் தெருக்களில் தமிழும் கன்னடமும் உருதும் கலந்து ஒலிக்கின்றன. மொழியும் சமயமும் வேறுபட்டாலும், வெளியே வரன் தேடுமுன் உறவுக்குள் தேடும் வழக்கம் இங்குப் பல குடும்பங்களுக்குப் பொதுவானது. மாமன் மகள், அத்தை மகன் என்று முறை பார்ப்பர். சில சமூகங்களில் அக்காள் மகளையே தாய்மாமன் மணப்பதுண்டு. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களுள் இரத்த உறவில் மணந்தோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 11 பேர். கர்நாடகத்தில் 27 பேர். தமிழ்நாட்டில் 28 பேர். ஆகவே இது சில குடும்பங்களின் சொந்த விஷயம் மட்டுமன்று. மக்கள் நலத் திட்டத்தில் இடம்பெற வேண்டிய பொருளாகும்.

இவ்வழக்கத்திற்குப் பொருளாதாரக் காரணங்கள் உண்டு. நிலம் பிரியாது; சீர்வரிசைச் சுமை குறையும்; பெண் அறிந்த வீட்டிலேயே வாழ்வாள் என்ற நம்பிக்கை பெற்றோருக்கு இருக்கும். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும், வழக்காறு இடமளிக்கும் இடங்களில் இத்தகைய மணங்களை ஏற்கிறது. எனவே பழித்துரைப்பதால் பயனில்லை. உறவில் மணந்து, குழந்தை பெற விரும்பும் தம்பதியருக்கு நாம் என்ன தர முடியும் என்பதே கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் ஒவ்வொருவரிடமும் குறையுள்ள மரபணுக்கள் சில மறைந்திருக்கின்றன. ஒற்றைப் பிரதியாக இருக்கும்போது அவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. தாய், தந்தை இருவரும் ஒரே குறையைச் சுமந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்தோரிடம் ஒரே குறை அமைந்திருக்கும் வாய்ப்பு மிகுதி.

ஐம்பது பேருக்கு ஒருவர் சுமக்கும் குறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உறவில்லாத தம்பதியரின் குழந்தைகளில் ஏறத்தாழ 10,000க்கு ஒன்றுக்கு அந்நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன் மணத்தில் அது ஏறத்தாழ 7 ஆகும். தாய்மாமன் மணத்தில் 13 ஆகும். ஆனால் அதே நோயுடன் ஒரு குழந்தை ஏற்கெனவே பிறந்த தம்பதியருக்கு, அடுத்த குழந்தையைப் பொறுத்தவரை அது 10,000க்கு 2,500! உறவின் நெருக்கத்தைவிடக் குடும்பத்தின் நோய் வரலாறே பெரிய செய்தி என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

ஆய்வுகளும் நிதானத்தையே கற்பிக்கின்றன. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிறவிக் குறைபாட்டின் அளவு நூற்றுக்கு 3இலிருந்து 6 ஆக உயர்ந்திருந்தது. அதாவது, உறவில் மணந்த தம்பதியரின் குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலானவை நலமாகவே பிறக்கின்றன. நம் பெங்களூரிலும் இத்துறைக்கு முன்னோடிப் பணி உண்டு. 1980களில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் என். அப்பாஜி ராவும் அவருடன் பணியாற்றியோரும் கர்நாடகத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து, அமினோ அமிலக் கோளாறுகளைத் தேடினர்.

மரபியல் ஆலோசனை என்பது, குழந்தை பெறலாம், பெறலாகாது என்று தீர்ப்பு வழங்குவதன்று. ஆலோசகர் மூன்று தலைமுறைக் குடும்ப வரலாற்றைக் கேட்டுக் குறிப்பார். காரணமின்றி இறந்த சிசுக்கள், செவிட்டுத்தன்மை, மூளை வளர்ச்சிக் குறை, இரத்த நோய் ஆகியவற்றை வினவுவார். தேவையான சோதனைகளைப் பரிந்துரைப்பார். வாய்ப்பின் அளவை எளிய மொழியில் விளக்குவார். முடிவு தம்பதியருடையது. நான்கில் ஒன்று என்றால், ஒரு குழந்தை நோயுற்றபின் அடுத்த மூன்றும் நலமாக இருக்கும் என்று பொருளன்று; ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகவே குலுக்கப்படுகிறது. இதைப் புரியவைப்பதே ஆலோசகரின் கடினமான பணி.

இத்தகைய நோய்களில் தாயின் பங்கும் தந்தையின் பங்கும் சமம். ஆயினும் குறையுள்ள குழந்தை பிறந்தால் பழி மருமகளின் மீதே விழுகிறது. இந்த அநீதியைப் போக்க, இருவரையும் ஒருசேர அமர்த்திப் பேசும் ஆலோசனையைவிடச் சிறந்த வழி இல்லை.

இதற்கு ஏற்ற காலம் கருத்தரிப்பதற்கு முன்னரே. கருவுற்றபின் வந்தாலும் வழியுண்டு. ஏறத்தாழ 11 வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவையும், 15 வாரத்திற்குப்பின் பனிக்குட நீரையும் சோதிக்கலாம். ஆனால் எந்தக் குறையைத் தேடுவது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதற்குழந்தை இறந்தபோது காரணம் கண்டறியப்படாமலும், இரத்த மாதிரி காக்கப்படாமலும் போனால், இரண்டாம் கருவுக்கு அறிவியலின் துணை பெரிதும் சுருங்கிவிடுகிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இச்சோதனைகள் பதிவுபெற்ற நிலையங்களில், தாயின் எழுத்து மூலமான சம்மதத்துடன் நடைபெற வேண்டும். கருவின் பாலினத்தை வெளியிடுதல் குற்றம்.

அரசின் ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ்ச் சிறப்பு மையங்கள் அமைந்துள்ளன; பெங்களூரின் மனித மரபியல் மையமும் அவற்றுள் ஒன்று. சிகிச்சைக்கான உதவி 2022இல் 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. ஒரு நோயாளிக்கு இத்தனை செலவாகுமெனில், முன்கூட்டிய ஆலோசனைக்கு ஆகும் சிறு செலவைச் செலவென்று எண்ணாமல் முதலீடு என்றே கொள்ளவேண்டும்.

அதிகாரிகளுக்கு ஒரு யோசனை. கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும்போதே, 'கணவர் உறவினரா? குடும்பத்தில் இறந்த அல்லது குறையுள்ள குழந்தைகள் உண்டா?' என்ற இரு வினாக்களைச் சுகாதாரப் பணியாளர்கள் தவறாது கேட்கட்டும். ஆம் என்போரை அச்சுறுத்தாமல் ஆலோசனைக்கு அனுப்பட்டும். மாணவர்கள் நான்கில் ஒன்றின் பொருளைத் தத்தம் வீட்டாருக்கு விளக்கட்டும். உறவு முறைகளை நம் பாட்டிமார் பல தலைமுறைக்கு நினைவில் வைத்திருந்தனர். அந்த நினைவோடு நோய்களின் வரலாற்றையும் சேர்த்துக் காப்பது இந்தத் தலைமுறையின் கடமை.