திமிங்கிலத்தின் எடை



இரும்புக் கட்டிலை மொசைக் தரையில் இழுத்தால் ஒரு சத்தம் வருமே, பல் கூசும். அந்தச் சத்தத்தையே தங்கள் முத்திரையாக வைத்துக்கொண்டிருக்கும் ஓர் இசைக்குழுவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கிடாரின் தடித்த கம்பியை நீங்கள் கிட்டத்தில் பார்த்திருப்பீர்களோ என்னவோ. நடுவில் ஓர் எஃகுக் கம்பி, அதன்மேல் இன்னொரு மெல்லிய கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். நகத்தால் தடவினாலே வரி வரியாகத் தட்டுப்படும். மீட்டுகிற வில்லையின் ஓரத்தை அந்த வரிகள்மேல் அழுத்தி இழுத்தால் 'க்ரீ...க்' என்று ஒரு கீறல் எழும். மற்ற கிடார்க்காரர்கள் அதைப் பாட்டில் ஓரிரு இடத்தில் கடுகு தாளிப்பதுபோலத் தூவுவார்கள். இவர்களோ அதைத் தாளத்தில் பொருத்தி, ஒரு சுரத்துக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுத்து, ரிஃபுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் வரிக்கு, உள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

இந்த மெட்டல் குழுவின் பெயர் கொஜிரா. ஊர், பிரான்சின் தென்மேற்கு மூலையில், பயோன் நகரத்துக்குச் சற்று வடக்கே இருக்கும் ஓந்த்ர். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் பைன் மரக்காடு, நடுவில் மணல். 1996இல் ஜோ துப்லான்டியே கிடாரும் குரலுமாக, தம்பி மரியோ டிரம்ஸோடு ஆரம்பித்தார்கள். தம்பிக்கு அப்போது 15 வயதுகூட நிறைந்ததோ இல்லையோ. இன்னொரு கிடாருக்குக் கிறிஸ்தியான் ஆந்த்ரோ. பேஸ் கிடாருக்கு ழான் மிஷெல் லபாதி இரண்டு ஆண்டு கழித்து வந்து சேர்ந்தார். முதலில் 'காட்ஸில்லா' என்று பெயர் வைத்தார்கள். சட்டச் சிக்கல் வந்தது. அதே பூதத்தின் ஜப்பானியப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் கொஜிரா.

லபாதி வந்த நாளிலிருந்து இன்றுவரை அதே நான்கு பேர். மெட்டல் இசையில் இது லேசான காரியம் இல்லை. ஐந்து ஆண்டுக்குள் பாடகர் கோபித்துக்கொண்டு போவார், டிரம்மர் வழக்குப் போடுவார், கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சும். அங்கெல்லாம் ஒலி மாறினால் ஆள் மாறியதைக் காரணமாகச் சொல்லிவிடலாம். கொஜிராவில் அந்தச் சாக்குக்கு வழியில்லை. முதல் ஆல்பத்தையும் ஏழாவது ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு வேறு குழு என்றே தோன்றும். வாசித்தவை அதே எட்டுக் கைகள்தான்.

'மென்மையாகிவிட்டார்கள்' என்பது பழைய ரசிகர்கள் வைக்கும் குற்றச்சாட்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. வேகம் குறைந்தது, சுரங்கள் குறைந்தன, உறுமல் குறைந்தது, எல்லாம் உண்மை. கனம் குறைந்ததா? அங்கேதான் எனக்கு வேறு கருத்து.

2001இல் வந்த 'டெர்ரா இன்காக்னிட்டா', 2003இல் வந்த 'தி லிங்க்' இரண்டையும் விரைவாகக் கடந்துவிடுகிறேன். டெத் மெட்டல் என்ற வகையின் முரட்டு இலக்கணத்தைக் கற்றுத் தேர்ந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிக் காட்டிய ஆல்பங்கள். திறமை தெறிக்கும். மூச்சுவிட இடம் இருக்காது.

2005இல் 'ஃப்ரம் மார்ஸ் டு சிரியஸ்' வந்தது. ஏறத்தாழ 67 நிமிடம். செத்துப்போன ஒரு பூமி, அதை மீட்க வழி தேடும் ஓர் ஆத்மா, அதற்கு வழிகாட்டும் பறக்கும் திமிங்கிலங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதா? எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. 'ஃப்ளையிங் வேல்ஸ்' என்ற பாட்டைக் கேட்டபின் சிரிப்பு நின்றது. ஏறத்தாழ எட்டு நிமிடப் பாட்டு. தொடக்கத்தில் கடலடியில் திமிங்கிலங்கள் ஒன்றையொன்று கூப்பிடும் குரல். அதன்மேல் கிடார், ஒரு முரட்டுத்தனமும் இல்லாமல், அலை மாதிரி. இரண்டு நிமிடத்துக்கும் மேல் மனிதக் குரலே கிடையாது. நீங்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்ட பிறகு அடி விழுகிறது. அடித்து, நிறுத்தி, மறுபடி அடித்து, மறுபடி நிறுத்திப் போகும் ரிஃப். அந்த நிறுத்தங்களைக் கவனியுங்கள். ஒரு பெரிய உடம்பு நீரிலிருந்து எழும்பி, ஒரு நொடி காற்றில் நின்று, திரும்ப விழுவதுபோல் இருக்கும். எடை தெரிவது விழும்போது மட்டும் இல்லை. அந்தரத்தில் நிற்கும் அந்த ஒரு நொடியிலும்தான். பின்னால் வந்த கொஜிரா முழுவதும் இந்த நொடிக்குள் இருந்து முளைத்தது என்பது என் எண்ணம்.

இதில் மரியோவின் பங்கு பெரிது. அவருடைய இரண்டு கால்களும் இரட்டைப் பெடலில் கிடாரின் கணக்கை அச்சுப் பிசகாமல் பின்தொடரும். அது ஐந்தாக, ஏழாக உடைந்து உடைந்து போகும். அதே நேரம் கை, மேலே சிம்பலில், கடிகாரம்போல நாலு நாலாகத் தட்டிக்கொண்டிருக்கும். கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு வாயில் வேறு நடையில் சொற்கட்டுச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். புதிதாகக் கேட்பவர்கள் காலைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், தொலைந்துபோவீர்கள். சிம்பலைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றது தானாக வந்து சேரும்.

2008இல் 'தி வே ஆஃப் ஆல் ஃப்ளெஷ்'. முழுக்க மரணம் பற்றியது. அதில் ஒரு பாட்டின் பெயர் 'யமாஸ் மெசஞ்சர்ஸ்'. ஆமாம், நம்முடைய எமதூதர்கள்தான்! பாசக்கயிறு அட்லாண்டிக் கரைவரை நீண்டிருக்கிறது. 'தி ஆர்ட் ஆஃப் டையிங்' ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும். மரியோ தன் கணக்கின் உச்சத்தைக் காட்டும் இடம் அது. பசிபிக் கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் குப்பையைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. பெரும்பாலான மெட்டல் குழுக்கள் சாத்தானையும் மண்டையோட்டையும் பாடிய காலத்தில் இவர்கள் நெகிழிப் பையைப் பாடினார்கள். இவர்கள் பயப்பட்டது நிஜமான பூதத்துக்கு. 2012இல் வந்த 'லாஃபான் சொவாழ்', அதாவது காட்டுப் பிள்ளை, இறுக்கமான நல்ல ஆல்பம். ஆனால் அது ஒரு பாலம். அடுத்த கரையில் இருப்பதுதான் முக்கியம்.

அந்தக் கரையின் பெயர் 'மாக்மா'. 2016.

ஜோ அதற்குள் நியூயார்க்கில் குடியேறியிருந்தார். குவீன்ஸ் பகுதியில் சொந்தமாக ஓர் ஒலிப்பதிவுக்கூடம் கட்டினார். அங்கே ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்தபோது அண்ணன் தம்பி இருவரின் தாயார் நோயில் விழுந்தார். 2015இல் இறந்தார். வேலை நின்று, மறுபடி தொடங்கியது. பதினைந்து ஆண்டு மரணத்தைத் தத்துவமாகப் பாடியவர்களின் வீட்டுக்குள் அது செருப்பைக் கழற்றாமல் நுழைந்தது.

முந்தைய கொஜிராவாக இருந்திருந்தால் இதற்கு எழுபது நிமிட ஆவேசம் வந்திருக்கும். 'மாக்மா' 44 நிமிடம்கூட இல்லை. முதல் பாட்டான 'தி ஷூட்டிங் ஸ்டார்' மெதுவாக நடக்கிறது. ஜோ உறுமவில்லை, பாடுகிறார். அதுவும் பெரிய பாடகர் பாடுவதுபோல் இல்லை; ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும், அடுக்கடுக்காகப் பதிந்த, ஈரமான குரல். சாவு வீட்டில் எல்லாரும் போனபிறகு முற்றத்தில் தனியே உட்கார்ந்து முணுமுணுக்கிறவரின் குரல். பின்னால் கிடார்கள் அதே தடிமனில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டு அடிக்கு நடுவே நிறைய இடம். முன்பு அந்த இடத்தில் பதினாறு அடி விழுந்திருக்கும்.

'ஸ்ட்ராண்டெட்' இன்னும் துணிச்சல். ரிஃபில் விரல் விட்டு எண்ணக்கூடிய சுரங்கள்தான். நடுவே, காலால் அழுத்தினால் சுரத்தைப் பல படி மேலே தூக்கிவிடும் ஒரு பெடலை மிதிக்கிறார்கள். கிடார் வீறிட்டு மேலே போய் உடனே கீழே விழுகிறது. முதல் தடவை கேட்கும்போது கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நான்காவது தடவை, அது விசும்பலின் நடுவே மூச்சு இழுக்கும் சத்தம்போலக் கேட்டது. மிகையாகச் சொல்கிறேனோ? இருக்கலாம். ஆனால் இன்றுவரை எனக்கு அப்படித்தான் கேட்கிறது. கனம் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களிடம் இந்தப் பாட்டைத்தான் கொடுப்பேன். மூட்டை சிறுத்திருக்கிறது, சரி. தூக்கிப் பார்க்கட்டும்.

2021இல் வந்த 'ஃபோர்ட்டிட்யூட்' பற்றி எனக்கு இரண்டு மனம். 'அமேசானியா' பாட்டு நம் மோர்சிங் வகையைச் சேர்ந்த வாய்க்கருவியின் அதிர்வோடு தொடங்குகிறது; அந்த உலோக ரீங்காரமும் தாழ்ந்த கிடாரும் கூடப்பிறந்தவைபோல ஒட்டிக்கொள்கின்றன. எரியும் காட்டைப் பற்றிய பாட்டு. பிரேசில் பழங்குடியினருக்காக அதை வைத்து நிதியும் திரட்டினார்கள். அதே ஆல்பத்தில் 'தி சாண்ட்' என்று ஒன்று இருக்கிறது. அரங்கம் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு சேர்ந்து பாட வசதியான கோரஸ். நேரில் கேட்டால் சிலிர்க்கலாம். வீட்டில் கேட்டால் இரண்டாம் நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. 'மாக்மா'வில் சுரத்தைக் குறைத்தது துக்கம். இங்கே குறைத்தது கூட்டத்தின் வசதி. இரண்டும் ஒன்றாகாது. பழைய ரசிகர்களின் குற்றச்சாட்டில் நான் ஒப்புக்கொள்ளும் பாதி இதுதான்.

இந்தப் பேரெல்லாம் தெரியாதவர்கள்கூட இவர்களைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு. 2024 ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. சேன் நதிக்கரையில், மாரி ஆந்த்வானெத் அரசி கொலைக்களத்துக்குப் போகுமுன் சிறையிருந்த கோன்சியெர்ழரி மாளிகை. அதன் சுவரில், உயரத்தில் நின்றுகொண்டு, புரட்சிக்காலப் பாட்டு ஒன்றை முழக்கினார்களே, அவர்கள்தான். கூடப் பாடிய ஓபரா பாடகி மரினா வியோத்தியும் ஒரு காலத்தில் மெட்டல் குழுவில் பாடியவர். அந்தப் பதிவுக்கு 2025 பிப்ரவரியில் கிராமி விருதும் கிடைத்தது. அந்தச் சிறையின் சன்னலில் தலையில்லாத அரசி, சிவப்புத் தோரணம், நெருப்பு. கண்ணுக்கு விருந்து. காதுக்கு? கொஜிராவின் நல்ல பத்துப் பாட்டுகளில் அதைச் சேர்க்க மாட்டேன். ஆனால் திறந்த வெளியில், நதிமேல், மழை இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில், நாலைந்து சுரத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய கட்டடத்தை நிரப்ப அவர்களால் முடிந்தது. முதல் ஆல்பத்தின் வேகத்தில் வாசித்திருந்தால் கரையில் நின்றவர்களுக்கு வெறும் இரைச்சல்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்து 'ஃப்ளையிங் வேல்ஸ்' ஒலிபரப்பாகிறது. பாட்டு உடனே ஆரம்பிக்காது. அங்கிருந்து ஒன்று கூப்பிடும், இங்கிருந்து ஒன்று பதில் சொல்லும். பெட்டியில் ஏதோ கோளாறு என்று தட்டிவிடாதீர்கள். அது திமிங்கிலம்.