ரோஸி என்னும் ராஜம்மாள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா என்றால் கடந்து வந்த இருபத்தைந்து ஆண்டுகளின் கணக்கைப் பார்ப்பது மரபு. எத்தனை பிள்ளைகள் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டினர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்பதையெல்லாம் செயலாளரின் அறிக்கை கூறும். நாம் இன்று வேறொரு கணக்கைக் கேட்க விரும்புகிறோம். இளைஞர்களே, உங்கள் பாட்டியைப் பெற்ற தாயின் பெயர் என்ன? அவர் எந்த ஊரில் பிறந்தார்? யாருடைய வயலில் நாற்று நட்டார்? எப்போது மறைந்தார்? இவ்வினாக்களுக்கு விடை கூறக்கூடியவர்கள் நம்மில் மிகச் சிலரே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இது ஏன் இப்படி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய கடமை ஒரு கல்விக் கழகத்திற்கு உண்டு.

அதை விளக்க, ஒரு பெண்ணின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறோம். அவர் அரசியல் தலைவர் அல்லர், புலவர் அல்லர், செல்வர் வீட்டில் பிறந்தவரும் அல்லர். புல்லறுத்து விற்றுப் பிழைத்த குடும்பத்துப் பெண். ரோஸி என்று நாடு அவரை இன்று அழைக்கிறது. வீட்டில் அவர் பெயர் ராஜம்மா. மலையாளத்தின் முதல் திரைப்படத்தில் கதாநாயகியாக நடித்தவர் அவர். சாதாரணப் பெண் என்று கூறிவிட்டுக் கதாநாயகி என்கிறார்களே என நீங்கள் நினைக்கலாம். அவர் வாழ்வில் திரைப்படம் என்பது சில நாட்களின் வேலை மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் அவர் நம் பாட்டிமாரைப் போலவே உழைத்து வாழ்ந்தார்; அவர்களைப் போலவே மறக்கவும்பட்டார்.

அவர் பிறந்தது 1903-ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தில், புலையர் சமூகத்தில். அன்றைய திருவிதாங்கூர் எப்படி இருந்தது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். எம் மக்கள் பொதுவழியில் நடக்கத் தடை. கோயிலுக்குள் நுழையத் தடை. பள்ளிக்கூடத்தின் படியேறத் தடை. இத்தடைகளை எதிர்த்து எழுந்தவர் வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த மகாத்மா அய்யன்காளி. 1893-இல் அவர் வில்வண்டியில் ஏறிப் பொதுவழியில் சென்றது ஒரு பயணம் மட்டுமன்று. ஒரு போர் முழக்கம். 1907-இல் அவர் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். எம் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையேல் உங்கள் வயல்களில் வேலையும் இல்லை என்று உழவுத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்ய வைத்தார். கூலி உயர்வுக்காக மட்டுமன்றிக் கல்விக்காகவும் நடந்த அவ்வேலைநிறுத்தத்தை, கல்விக் கழகத்தைச் சேர்ந்த நாம் மறத்தல் ஆகாது.

ஊரூட்டம்பலம் என்னும் சிற்றூரின் பள்ளியில் பஞ்சமி என்னும் சிறுமியைச் சேர்க்க அய்யன்காளி கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். அதனைப் பொறாத ஆதிக்கச் சாதியினர் அப்பள்ளிக்கே தீ வைத்தனர். அன்று பாதி எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் அங்குப் பாதுகாக்கப்படுகிறது. 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், அடிமையின் அடையாளமாகப் பெண்கள் கழுத்தில் சுமந்த கல்மாலைகளை அறுத்தெறியும் போராட்டம் நடந்தது. அப்போது ரோஸிக்கு வயது பன்னிரண்டு. பெண்கள் கழுத்திலிருந்து கல்மாலை கழன்று விழுந்த காலத்தில் வளர்ந்த சிறுமி அவர் என்பதை மனத்தில் கொள்வோம்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர் ரோஸி என்பர். புல்லறுத்து விற்பது குடும்பத்துக்குச் சோறு போட்டது. அத்துடன் அவருக்குப் பாட்டும் கூத்தும் வந்தன. தென் திருவிதாங்கூரில் காக்காரிசி நாடகம் என்றொரு கூத்து உண்டு. சிவபெருமானும் பார்வதியும் குறவர் உருவில் காக்கானாகவும் காக்காத்தியாகவும் வந்து பாடி ஆடும் கூத்து அது. தமிழும் மலையாளமும் அதில் கலந்து வரும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி வந்த அந்த மேடையில், ரோஸி பெண்ணாகவே ஏறிக் காக்காத்தியாக ஆடினார். பகலில் புல்லறுப்பு, இரவில் கூத்து. இதுவே அவர் இளமை.

அக்காலத்தில் ஜே. சி. டானியல் என்னும் இளைஞர் திருவனந்தபுரத்தில் ஒரு திரைப்படக் கூடம் அமைத்தார். தம் சொத்தை விற்று முதலிட்டு, தாமே இயக்கி, தாமே கதாநாயகனாகவும் நடித்து, 'விகதகுமாரன்' என்னும் பேசாப்படத்தை எடுக்க முற்பட்டார். கதாநாயகியாக நடிக்க வேற்றூரிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்தும் அம்முயற்சி பயன் தரவில்லை. மானமுள்ள குடும்பத்துப் பெண்கள் நடிக்க வரமாட்டார்கள் என்று கருதப்பட்ட காலம் அது. இறுதியில் ரோஸியிடம் வந்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய், பத்து நாள் வேலை என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். காலையில் தம் சோற்றைத் தாமே கட்டி எடுத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு வருவார் என்றும், மாலையில் கூத்து மேடைக்குப் புறப்பட்டு விடுவார் என்றும் அவர்கள் கூறுவர். அந்தச் சோற்றுப் பொட்டலத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கதாநாயகி என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தவர் ஒரு தினக்கூலிப் பெண்.

படத்தில் அவர் ஏற்ற வேடம் சரோஜினி என்னும் நாயர் பெண். வினை அங்கேதான் விளைந்தது. படம் திருவனந்தபுரத்தில் கேப்பிட்டல் என்னும் கொட்டகையில் திரையிடப்பட்டது. அது 1928 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது; பின்னர் ஆராய்ந்தோர் 1930 என்பர். முதற்காட்சிக்கு நாயகியை உள்ளே விடவில்லை. அவர் அமர்ந்த இடத்தில் தாங்கள் அமர்வதில்லை என்று பெரிய மனிதர்கள் முறைத்தார்கள். திரையில் நாயர் பெண்ணாகப் புலையர் பெண் தோன்றியதும், நாயகன் அவர் கூந்தல் பூவை முத்தமிடும் காட்சி வந்ததும், கூட்டம் கொதித்தது. திரையின் மீது கல் பறந்தது. அத்துடன் நிற்கவில்லை. ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். பஞ்சமி கால் வைத்த பள்ளிக்கு மூட்டிய அதே தீ இது. எம் பெண்கள் எங்கெல்லாம் முதலடி வைத்தார்களோ அங்கெல்லாம் அத்தீ முன்னே சென்று காத்திருந்தது.

ரோஸி ஓடினார். அவ்வழியே வந்த ஒரு லாரியில் ஏறித் தெற்கே நாகர்கோவிலுக்குச் சென்றார் என்பர். பின்னர் லாரி ஓட்டுநர் ஒருவரையே மணந்து அங்கேயே வாழ்ந்தார். கணவர் நாயர் வகுப்பினர். இம்மணத்தால் அவரும் உறவை இழந்தார் என்பர். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, ரோஸி கூத்தாடிய நகரம் ஒரு மாநிலத்திலும் அவர் அடுப்பு மூட்டிய வீடு மற்றொரு மாநிலத்திலும் ஆயின. ராஜம்மாள் என்னும் பெயரில், யாரும் அறியாத ஒரு குடும்பத் தலைவியாக, அவர் 1980-களில் நம் தமிழ்நாட்டு மண்ணில் மறைந்தார்.

படச்சுருள் இன்று இல்லை. ரோஸியினுடையது என்று ஐயமறச் சொல்லத்தக்க நிழற்படமும் இல்லை. அவர் கைப்பட எழுதிய ஒரு வரியும் இல்லை. டானியலும் வறுமையுற்று, அகஸ்தீஸ்வரத்தில் 1975-இல் மறைந்தார். ஆனால் அவருக்காவது பின்னர் நினைவு கிட்டியது; 1992 முதல் கேரள அரசு அவர் பெயரால் ஆண்டுதோறும் திரைப்பட விருது வழங்கி வருகிறது. ரோஸியைத் தேட யார் வந்தார்? அவர் உயிரோடிருக்கும்போதே, 1971-இல், அவரைப் பற்றி எழுதியவர் குன்னுக்குழி எஸ். மணி. தலித் வரலாற்றைத் தேடித் தொகுத்தவர் அவர். பல்கலைக்கழகம் அவரை அனுப்பவில்லை, அரசு அனுப்பவில்லை. எம் மக்களின் கதையை எம்மவரே எழுத வேண்டும் என்ற உணர்வே அவரை அனுப்பிற்று. பிறகு வினு ஆபிரகாம் நாவல் எழுதினார். 2013-இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்டு' படம் வந்தது. 2019-இல் கேரளத்துப் பெண் திரைக் கலைஞர்கள் ரோஸியின் பெயரால் ஒரு திரைப்படச் சங்கம் அமைத்தனர். சென்னையிலும் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்தியது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் உருவை வரைந்து வைத்தது. உலகம் அவரைக் கண்டுகொண்டது. ஆயின் அவர் கண்ணை மூடிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே!

இனி, அவர் வழித்தோன்றல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய உரையின் நெஞ்சம் இதுவே. அவருடைய மக்கள் தந்தையின் சாதியினராகவே வளர்ந்தனர். தாய் நடித்த கதையையும், எரிந்த குடிசையையும், பிறந்த குலத்தையும் அவர் வீட்டில் விரித்துரைத்ததாகத் தெரியவில்லை. ஆய்வாளர்கள் தேடிச் சென்றபோது, குடும்பத்தினர்க்குத் தெரிந்தது மிகச் சிறிது. இதைக் கேட்கும் இளைஞர் சிலருக்குச் சினம் வரலாம். தம் குலத்தை மறைத்தாரே என்று சிலர் கேட்டும் இருக்கின்றனர். அவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். உண்மைப் பெயரைச் சொன்னதற்காக ஒருமுறை வீடு எரியக் கண்ட தாய், தன் பிள்ளை உறங்கும் வீட்டின் மேல் மீண்டும் அப்பெயரை எழுதி வைப்பாளா? அவர் மௌனம் கோழைத்தனம் அன்று. மழைக்குக் குடை பிடிப்பதுபோல் பிள்ளைகளுக்கு அவர் பிடித்த குடை அது. குற்றம் குடை பிடித்தவர் மேல் அன்று. கல்மழை பொழிந்தவர் மேல்.

ஆகவே அவர் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் வாயில்தோறும் சென்று துருவிக் கேட்பது நம் வேலையன்று. சொல்ல விரும்பினால் கேட்போம். விரும்பாவிடில் வணங்கித் திரும்புவோம். இரத்த வழி ஒன்றே வழித்தோன்றல் ஆகாது. ஊரூட்டம்பலம் பள்ளி இன்று அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அங்கே படிக்கும் ஒவ்வொரு குழந்தையும் பஞ்சமியின் வாரிசே. மேடையில் அச்சமின்றி ஏறும் எம் பெண் ஒவ்வொருவரும் ரோஸியின் பேத்தியே.

இளைஞர்களே, ரோஸிக்கு ஒரு மணி கிடைத்தார். உங்கள் பாட்டிக்கு யார் கிடைப்பார்? நீங்களே கிடைக்க வேண்டும். அதற்குப் பெரும் புலமை வேண்டா. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டில் மூத்தவர் எவரோ அவரிடம் இவ்வாரமே அமருங்கள். பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், செய்த வேலை, பெற்ற கூலி, பாடிய தாலாட்டு, நடவுப் பாட்டு, வந்த நோய், இறந்த பிள்ளை ஆகிய அனைத்தையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ஆண்டு தெரியாது என்பார்கள். பெரும் புயலுக்கு முன்னா பின்னா, பெரியவன் பிறந்த பிறகா என்று கேட்டால் ஆண்டு தானே வெளிப்படும். பின்னர்ப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும், கிறித்தவக் குடும்பமாயின் தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டையும், நிலமிருந்தால் பழைய பட்டாவையும் பாருங்கள். அவற்றில் பெரும்பாலும் தந்தை பெயரும் கணவர் பெயருமே முன் நிற்கும். அப்பாட்டியின் பெயர் எங்கேனும் ஒரு மூலையில், பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில், வேறொருவர் கையெழுத்தில் இருந்தால் அதைப் புதையலாகக் கொள்ளுங்கள்.

இன்னொன்று. பாட்டி ஏதேனும் ஒன்றைச் சொல்லாமல் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். அங்கே ஒரு எரிந்த குடிசை இருக்கக்கூடும். அவர் தாமே சொல்லும் நாளுக்குக் காத்திருங்கள். அவர் அச்சமின்றிச் சொல்லத்தக்க ஊரையும் வீட்டையும் உருவாக்குவதற்கே நாம் படிக்கிறோம்.

கல்வி என்பது வேலைக்குச் செல்லும் வழி என்று மட்டும் எண்ணியிருந்தால் அய்யன்காளி ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு தீயின் முன் நின்றிருக்க மாட்டார். தன் பெயரைத் தானே எழுதுவதும், தன் தாயின் பெயரை உரத்துச் சொல்வதுமே கல்வியின் முதற்பயன். தம் பெயரை மறைத்தே பிள்ளைகளைக் காத்தார் ராஜம்மாள். நம் கழகத்துப் பிள்ளைகள் பாட்டியின் பெயரைச் சொல்லியே தலைநிமிர வேண்டும். அந்த நாளை நோக்கிக் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் நடக்கட்டும்.