“நின்றேன்” என்று எழுதாதீர்கள்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவதைப்பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். இலக்கண வகுப்பு என்றெண்ணிச் சிலர் பின்வரிசைக்கு நகர்ந்ததைக் கண்டேன். பாதகமில்லை, அங்கேயும் என் குரல் கேட்கும்.

1994ஆம் ஆண்டில் நான் ஒரு தோட்டத்தில் கிராணி. கிளைச் சங்கக் கடிதங்களையும் நானே எழுதி வந்தேன். பத்தாண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய அம்மையார் ஒருவருக்கும் மேற்பார்வையாளருக்கும் பிரட்டுக் களத்தில் வாய்த் தகராறு. “நாளையிலிருந்து வராதே” என்று அவர் சொல்லிவிட்டார். அம்மையார் என்னிடம் ஓடிவந்து, “வேலை நின்னு போச்சு, தம்பி!” என்றார். நானும் யோசியாமல், “9ஆம் தேதி முதல் வேலையிலிருந்து நின்றுவிட்டார், அவருக்கு நியாயம் வழங்க வேண்டும்” என்று எழுதி, அதை மலாயில் ‘பெர்ஹெந்தி’ என்று பெயர்த்து அனுப்பினேன்.

பதில் வந்தது. “உங்கள் கடிதப்படி அவர் தாமாகவே நின்றிருக்கிறார். முன்னறிவிப்புக் கொடுக்காததால் எட்டு வாரச் சம்பளத்தை அவர்தான் எங்களுக்குக் கட்டவேண்டும்!”

நின்றார் என்பது தன்வினை. நிறுத்தினார் என்பது பிறவினை. மலாயிலும் அப்படியே: ‘பெர்ஹெந்தி’ என்றால் நின்றார், ‘டிபெர்ஹெந்திகான்’ என்றால் நிறுத்தப்பட்டார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு காலம் எழுதப்படாவிட்டால், ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு முன்னறிவிப்பு எட்டு வாரம். அது முதலாளிக்கும் உண்டு, தொழிலாளிக்கும் உண்டு. 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவோ, நீக்கப்பட்டவருக்குத்தான் வழி விடுகிறது. அவரும் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். தாமாக நின்றவருக்கு அந்த வாசல் இல்லை.

‘நிறுத்தப்பட்டார்’ என்று எழுதினாலும் போதாது. யார் நிறுத்தினார்? எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன சொல்லி? கம்பெனிக் கடிதங்களைப் பாருங்கள்: “பிடித்தம் செய்யப்பட்டது” என்றிருக்கும். பிடித்தவர் பெயர் இராது. அவர்கள் அப்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நமக்கு அந்தக் காரணம் இல்லையே!

இன்னொன்று. “நாங்கள் ஒப்புக்கொண்ட கூலி” என்று எழுதினால், எதிர்த்தரப்பு அதில் சேரவில்லை. “நாம் இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட கூலி” என்று எழுதுங்கள். மலாயில் ‘காமி’, ‘கீத்தா’ என்று இதே வேற்றுமை உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ என்ற ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் எழுதும் கிராணிகள் இரு தரப்பையும் பெயர் சொல்லியே எழுதவேண்டும்.

அம்மையார் கதை என்னவாயிற்று என்கிறீர்களா? இரண்டாம் கடிதம் எழுதினோம். பிரட்டில் நின்ற இருவர் சாட்சி சொன்னார்கள். அவர் வேலைக்குத் திரும்பினார். ஆனால் இடைப்பட்ட ஏழு வாரக் கூலி கிடைக்கவில்லை. அதைக் கேட்டபோதெல்லாம் என் முதற்கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூவர் அந்த வீட்டில். அந்த அம்மையார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

அதன் நகல் இதோ இருக்கிறது. முன்வரிசையிலிருந்து கைமாற்றிப் பாருங்கள். சிவப்பு மையில் கோடிட்டிருப்பது என் பிழை.