முதியோர் மதியும் மரண சாசனமும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது" என்னுஞ் சொல் நம்மவர் இல்லங்களில் மிக எளிதாய் வழங்குகின்றது. முதியவர் ஒருவர் தம் மகளுக்குச் சிறிது நிலம் எழுத நினைப்பாராயின் அன்றே அச்சொல் பிறக்கும். அவரே மைந்தர் நீட்டிய பத்திரத்தில் கைந்நாட்டு வைக்குங்காலோ, அவர் மதியை ஐயுறுவார் ஒருவருமிலர்! இஃது என்ன நியாயமோ, யாம் அறியோம்.

இங்கிலாந்தில் ஜான் பாங்க்ஸ் என்பார் ஒருவர் இருந்தார். சித்தப்பிரமையால் ஒருகால் மருத்துவசாலையில் அடைபட்டிருந்தவர்; இறந்துபோன ஒருவன் தம்மைத் துன்புறுத்துவதாகவும், பேய்கள் துரத்துவதாகவும் நம்பியவர். அவர் 1863-ல் தம் உடைமையை உடன்பிறந்தார் வழிப் பெண்ணொருத்திக்கு எழுதிவைத்தார். 1870-ல் நீதிபதிகள் அச்சாசனம் செல்லுமென்றே தீர்த்தனர். பேயைப்பற்றிய மயக்கம் சொத்தைப்பற்றிய எண்ணத்தைத் தீண்டவில்லை என்பதே காரணம். தாம் செய்வது இன்னதென அறிகின்றாரா, உடைமையின் அளவை உணர்கின்றாரா, உரிமை பாராட்டத்தக்கார் யாவரென நினைவு கொள்கின்றாரா, நோய் அவரது அன்பைத் திரித்துவிட்டதா என்பனவே அவர்கள் ஆராய்ந்தவை.

நம் நாட்டு 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும் இந்நெறியினதே. சித்தங் கலங்கியவரும் தெளிந்த வேளையில் சாசனம் எழுதலாம். செய்வதறியாத குடிமயக்கத்திலோ நோயிலோ எவரும் எழுதலாகாது. வைத்திய விஷயத்தில், 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இன்னும் ஒருபடி மேற்சென்று, ஒருவரது முடிவு பிறர்க்குத் தவறாய்த் தோன்றுவது மட்டுமே அவருக்குத் தகுதியின்மையைக் காட்டாது என்கின்றது.

ஆதலின் வினவும் முறையே பெரிது. பெரியவர் தெளிந்திருக்கும் வேளையை நோக்கி, மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் அணிவித்து, பயன்பெறுவாரை வெளியே இருத்தி, அவர் பேசும் தமிழிலேயே கேட்கவேண்டும். "சரிதானே, ஐயா?" என்றால் யாரும் தலையசைப்பர், "இதனால் யாருக்கு என்ன கிடைக்கும், நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இன்று என்ன கிழமை என்பதை மறந்தவர் தம் வயலின் நான்கெல்லையையும் வழுவின்றிச் சொல்லக்கூடும். மாறாக, சற்றுமுன் விளக்கியதை முற்றும் மறந்து, மாண்ட மகனுக்கே பங்கு வைப்பவரிடம் கைந்நாட்டு வாங்குதல் களவேயாம்; அதைச் செய்தவர் பெற்ற பிள்ளையாயினும் ஆகுக.

பாகப் பிணக்குகள் நம் சங்கத்தார் முன் வருங்கால், மைந்தர் பேசியபின் அறைக்குள் படுத்திருக்கும் தந்தையை ஒருமுறை எட்டிப்பார்க்கும் வழக்கம் இனி வேண்டா. முதற்கண் அவரருகே அமர்ந்து, அவர் கூறுவதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்வார் இருவரை நியமிக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றோம்.