கடிவாளம் யார் கையில்?

(ஏற்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இந்த அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ, அந்தத் தமிழாசிரியரிடம் படித்தவன் நான். வாரக் கடைசி வகுப்பில் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைக் கையில் எடுப்பார். ஐப்பசி மாதத்தில் மூடுபனி சன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் ஓடக்காரப் பெண் பூங்குழலியின் படகு கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குக் கிளம்பிய இடத்தில் மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் வரை அந்தப் படகை நான்தான் வலித்தேன். காற்று திரும்பினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, படகில் வரும் கதாநாயகன் வந்தியத்தேவனுக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே காப்பித் தோட்டத்து வழியில் நடந்து வீட்டுக்குப் போவேன்.

பெரிய கதைத்தொடரை வீடியோ கேம் ஆக்குவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். எனக்கு அது அந்த ஒரு வாரத்தைப் பற்றிய பேச்சு.

உலகத்தில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு போலந்து நாட்டில் இருக்கிறது. ஆந்த்ஜெய் சாப்கோவ்ஸ்கி எழுதிய ‘விட்சர்’ கதைகளை சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் விளையாட்டாக்கியது. முதல் ஆட்டம் 2007-இல் வந்தது, மூன்றாவது 2015-இல். அவர்கள் புத்தகத்தைத் திருப்பிச் சொல்லவில்லை. நாவல்கள் முடிந்த பிறகுதான் ஆட்டம் தொடங்குகிறது. நாயகன் நினைவு தப்பிய நிலையில் வருகிறான். அதனால் படித்தவரும் படிக்காதவரும் ஒரே வாசலில் நுழையலாம். எழுதுகிறவர்கள் கவனிக்க இன்னொன்றும் உண்டு. சாப்கோவ்ஸ்கி பங்கு வேண்டாம், மொத்தமாகப் பணம் போதும் என்று உரிமையைக் கொடுத்துவிட்டார். ஆட்டம் உலகப் புகழ் பெற்ற பின், 2018-இல், போலந்து நாணயத்தில் குறைந்தது 6 கோடி ஸ்வாட்டி வேண்டும் என்று கேட்டார். 2019 இறுதியில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. கல்கியின் எழுத்துகளோ நாட்டுடைமை ஆனவை. அனுமதிக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

தொழில்நுட்பம் வெளியிலிருந்து வரட்டும். கதையை ஆட்டமாக்கும் வித்தையை நாம் வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை. மலையை விட்டு இறங்கினால் போதும். சேலம், தர்மபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பாருங்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேடக்காரர் தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சியில் நின்று எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு ஈரச் சேலையோடு காத்திருக்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். அவர்களைப் பார்வையாளர்கள் என்று யார் சொல்ல முடியும்? படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் திடல் நிறைய மல்லாந்து கிடப்பான். பீமன் அவன் தொடையைப் பிளப்பான். பாஞ்சாலி கூந்தலை முடிவாள். எல்லாம் முடிந்ததும் ஊரார் அந்த மண்ணை ஒரு பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

எந்த ஊரிலும் துரியோதனன் பிழைத்ததில்லை. பிழைக்க வேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை. முடிவு கெட்டியாக இருக்கிறது. ஆனால் அதுவரை போகிற வழியில் ஊருக்கென்று வேலை இருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘பொன்னியின் செல்வ’னுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த கதை, ஐந்து பாகம். கதையில் கொல்லப்படும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் காப்பாற்றும் வாய்ப்பை ஆடுகிறவனுக்குக் கொடுக்கலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கூடாது என்பேன். அவன் சாகத்தான் வேண்டும். ஆனால் கொன்றது யார் என்பதைக் கல்கி இருட்டிலேயே விட்டுவிட்டார். அந்த இருட்டுதான் ஆட்டத்துக்கான களம். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களின் உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்ததைக் கூறுகிறது. கதை தொடங்கும் வீரநாராயண ஏரி அதன் பக்கத்திலேயே இருக்கிறது. ஆட்டத்தை முடித்த பிள்ளை பேருந்து ஏறிப்போய் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். போலந்துக்காரர்களுக்கும் கிடைக்காத பேறு இது.

வந்தியத்தேவன் அரசன் அல்லன். இரண்டு ஓலைகளைச் சுமந்துவரும் தூதன். போகிற இடமெல்லாம் அவனுக்குப் புதிது. கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான். விளையாட்டு தேடுகிற நாயகன் இப்படிப்பட்டவன்தான்.

ஆட்டம் சிறியதாக இருந்தாலும் போதும். கனடாவில் உருவாகி 2023-இல் வந்த ‘வெண்பா’வைப் பாருங்கள். அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்துபோயிருக்கின்றன. அவற்றை நிரப்புவதே ஆட்டம். இட்லித் தட்டுகளைக் குழிக்கு நேர் குழி வராமல் மாற்றி அடுக்கினால்தான் ஆவி ஏறும் என்பதை உலகத்துப் பிள்ளைகள் அதில் தம் கையாலேயே கண்டுபிடித்தார்கள். 2024-இல் அது பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருது பெற்றது.

நம் சேர்வராயன் கோயில் குகையை எல்லோரும் அறிவீர்கள். தலை தாழ்த்தித்தான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். அதற்கு அப்பால் வழி காவிரி வரை போகிறது என்று மலையில் சொல்வார்கள். நான் சிறுவனாக விளக்கு வெளிச்சம் முடிகிற அந்த இடத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். பாட்டி கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் வெளியே வந்தேன். நின்ற அந்த நேரத்தை எடுத்துத்தான் விளையாட்டு செய்ய வேண்டும்.

ஆகவே இதில் இறங்கப்போகும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தொடக்கத்தில் சண்டை வேண்டாம், கட்டளை வேண்டாம். ஆடிப்பெருக்கு நாள். வீரநாராயண ஏரிக்கரை. வந்தியத்தேவனின் குதிரை மெல்ல நடக்கிறது. கடிவாளத்தை ஆடும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். கடம்பூருக்குப் பறந்துபோக நினைப்பவன் போகட்டும். ஏரி நீர் பாயும் மதகுகளாகக் கல்கி சொன்ன எழுபத்து நான்கு கணவாய்களையும் எண்ணிப் பார்க்க நினைக்கும் பிள்ளையும் ஒன்று இருக்கும். அது கரையோரமாகக் குதிரையை நடத்திக்கொண்டு போகும்போது, எழுபத்து நான்கும் அங்கே இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்க வேண்டும்.